நீவினாலும் மறையாத சுழி: அண்ட இழைகளும் ஈர்ப்பு அலைகளும்

செவ்வாய்க்கிழமை தோறும் வேலூரை அடுத்த பொய்கையில் கூடும் மாட்டுச் சந்தையில், மாடு பிடிக்க வருகிறவர் பல்லைப் பார்த்து வயதைக் கணித்த கையோடு சுழியையும் பார்ப்பார். நெற்றியிலா, திமிலுக்குப் பின்னாலா, முதுகிலா என்று சுழி விழுந்த இடத்தைப் பொறுத்து விலை ஏறுவதும் இறங்குவதும் உண்டு. அந்த நம்பிக்கையின் நியாயத்தை இங்கே ஆராயப் போவதில்லை. ஆனால் வாங்குகிறவர், விற்கிறவர், தரகர் ஆகிய மூவரும் மறுபேச்சின்றி ஒப்புக்கொள்ளும் செய்தி ஒன்று அங்கே உண்டு: சுழியை அழிக்க முடியாது. எண்ணெய் தடவி எந்தப் பக்கம் நீவி விட்டாலும் அது சற்றே இடம் நகருமே தவிர மறையாது. பிரபஞ்சம் பிறந்த முதற்கணத்தில் வெளி முழுவதும் இத்தகைய சுழிகள் விழுந்திருக்கலாம் என்றும், அவை நீண்ட இழைகளாக இன்றுவரை எஞ்சியிருக்கலாம் என்றும், அவற்றின் அதிர்வு ஈர்ப்பு அலைகளாக நம்மைக் கடந்து போய்க்கொண்டிருக்கலாம் என்றும் இயற்பியலாளர்கள் கருதுகிறார்கள். அவற்றுக்கு அண்ட இழைகள் என்று பெயர்.

சுழி ஏன் அழிவதில்லை என்பது விளங்கிவிட்டால் அண்ட இழையைப் பற்றிய பாதி விஷயம் விளங்கிவிடும். மாட்டின் நெற்றிச் சுழியைச் சுற்றி விரலால் மெதுவாக ஒரு வட்டம் போட்டு, போகிற வழியில் ஒவ்வோர் இடத்திலும் மயிர் எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது என்று கவனித்துக்கொண்டே வாருங்கள். கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு எனச் சாய்வு திரும்பிக்கொண்டே வந்து, விரல் தொடங்கிய இடத்தை அடையும்போது சாய்வும் ஒரு முழுச் சுற்றை முடித்திருக்கும். நீவுவதால் ஒவ்வொரு மயிரின் சாய்வையும் சிறிது சிறிதாக மாற்றலாம். ஆனால் சுற்றின் எண்ணிக்கை முழு எண்ணாகத்தான் இருக்க முடியும். ஒன்றாக இருக்கலாம், பூச்சியமாக இருக்கலாம், முக்காலாக இருக்க வழியில்லை. எனவே சிறிது சிறிதான எந்த மாற்றமும் ஒன்றைப் பூச்சியமாக்கிவிடாது. வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே போனால், நடுவில் எந்தத் திசைக்கும் சாய இயலாத ஒரு புள்ளி கட்டாயம் எஞ்சும். அங்கே சாய்வின் அளவு பூச்சியம். நம் மொழியில் சுழி என்ற ஒரே சொல் மயிர்ச் சுழியையும் பூச்சியத்தையும் குறிக்கிறது. வகுப்பில் இந்த இடத்திற்கு வரும்போதெல்லாம் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டாகும், ஏனென்றால் அண்ட இழையின் நடுவிலும் இதே பூச்சியம்தான் இருக்கிறது.

மாட்டை விட்டு வயலுக்கு வருவோம். கதிர் முற்றிய நெற்பயிர் நிமிர்ந்து நிற்கும்போது ஒரு தாளுக்கு எல்லாத் திசைகளும் ஒன்றுதான். கிழக்கும் மேற்கும் அதற்கு வேறல்ல. இயற்பியலில் இந்த நிலையைச் சமச்சீர்மை என்பார்கள். மழையும் கனமும் சேர்ந்து பயிர் சாய நேரும்போது, ஏதேனும் ஒரு திசையைத் தேர்ந்தே ஆக வேண்டும். அந்தக் கணத்தில் சமச்சீர்மை முறிகிறது. ஒரு தாள் சாய்ந்தால் பக்கத்துத் தாளும் அதன் மேலேயே சாயும் என்பதால் சிறு சிறு திட்டுகளாகப் பயிர் ஒரே பக்கம் படுக்கும். வயலின் மறுகோடியில் இருக்கும் திட்டுக்கு இங்கே நடந்தது தெரியாது. அது தன் போக்கில் வேறொரு திசையில் படுக்கும். இப்படித் தனித்தனியே படுத்த திட்டுகள் ஒன்றையொன்று நெருங்கும் இடங்களில், பெரும்பாலும் சாய்வு சிறிது வளைந்து சமாதானமாகிவிடும். சில இடங்களில் மட்டும், சுற்றியுள்ள திட்டுகளின் திசைகள் ஒரு முழுச் சுற்றாக அமைந்துவிடும். அதன் நட்டநடுவில் நிற்கும் ஒரு தாள் எந்தப் பக்கமும் சாய முடியாமல் நிமிர்ந்தே நின்றுவிடும்.

தொடக்கப் பிரபஞ்சத்தில் நிகழ்ந்ததும் ஏறத்தாழ இதுவே. பிறந்த கணத்தில் பிரபஞ்சம் தாங்க முடியாத வெப்பத்தில் இருந்தது. இன்று நாம் மின்காந்த விசை, வலிய அணுக்கரு விசை, மெலிந்த அணுக்கரு விசை என்று பிரித்துப் பேசுபவை அப்போது ஒன்றாகவே இருந்திருக்கலாம். விரிந்து குளிர்ந்தபோது, நீர் உறைந்து பனிக்கட்டி ஆவதைப் போல, பிரபஞ்சமே சில நிலைமாற்றங்களைக் கண்டது. வெளி முழுவதும் பரவியிருந்த ஒரு புலம், அதுவரை எந்தப் பக்கமும் சாயாமல் இருந்தது, ஒவ்வோர் இடத்திலும் ஒரு திசையைத் தேர்ந்தது. எந்தச் செய்தியும் ஒளியைவிட வேகமாகப் பயணிக்க இயலாது. பிரபஞ்சத்தின் வயதோ அப்போது ஒரு வினாடியின் நினைத்துப் பார்க்க இயலாத சிறு துளி, ஏறத்தாழ 10⁻³⁶ வினாடி. அந்த நேரத்திற்குள் ஒளி எட்டக்கூடிய தூரத்திற்கு அப்பாலுள்ள பகுதிகள் ஒன்றையொன்று கலந்துகொள்ள வாய்ப்பே இல்லை. ஆகவே சுழிகள் விழுவது தற்செயலான விபத்தன்று. குறிப்பிட்ட வகைப் புலம் இருக்குமானால் அவை விழுந்தே தீரும். வயல் ஒரு பரப்பு என்பதால் அங்கே சுழி ஒரு புள்ளி. வெளிக்கு நீளம், அகலம், உயரம் மூன்றும் உண்டு என்பதால் அங்கே சுழி ஒரு கோடாக நீள்கிறது. அந்தக் கோட்டுக்கு முனை கிடையாது: அது எல்லையின்றி நீண்டுகொண்டே போக வேண்டும், அல்லது தன்னைத் தானே சந்தித்து ஒரு வளையமாக மூட வேண்டும். சாயாமல் நின்ற தாளைப் போல, பிரபஞ்சத்தின் பழைய கொதிநிலை அந்தக் கோட்டுக்குள் சிறைப்பட்டுக் கிடக்கிறது.

இதை 1976-இல் ஒரு கட்டுரையாக எழுதியவர் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் டாம் கிப்பிள். அவர் பிறந்தது 1932-இல் நம் சென்னையில். அவருடைய தந்தை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். ஹிக்ஸ் துகளுக்கு அடிப்படையான கருத்தை 1964-இல் முன்வைத்தவர்களுள் ஒருவரும் அவரே. கிப்பிள் சொன்ன நிகழ்வைச் சோதனைச்சாலையிலும் காண முடியும் என்று 1985-இல் வொய்ச்சேக் ஜூரெக் எடுத்துக்காட்டினார். கைபேசித் திரையில் பயன்படும் திரவப் படிகத்தைத் திடீரெனக் குளிர்வித்தால், அதனுள் இழைகள் பின்னிப் பிணைந்து தோன்றுவதை 1991 முதல் ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் கண்டிருக்கிறார்கள். பிரபஞ்சத்தில் அது நடந்ததா என்பதுதான் மீதமுள்ள கேள்வி.

அண்ட இழை என்றதும் பலர் இழைக் கோட்பாட்டுடன் குழப்பிக்கொள்கிறார்கள். இழைக் கோட்பாடு, அடிப்படைத் துகள்கள் எல்லாம் மிக நுண்ணிய இழைகளின் அதிர்வுகள் என்கிறது. அண்ட இழையோ வானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நீளக்கூடியது. அதன் தடிமன் ஒரு புரோட்டானின் தடிமனில் கோடி கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. அதன் கனமோ கற்பனைக்கு எட்டாதது. விசைகள் பிரிந்த காலத்தில் உருவான இழை எனக் கொண்டு போட்ட முதற்கணக்கின்படி, காட்பாடிச் சந்திப்பில் ஒரு நுனியை வைத்து வேலூர்க் கோட்டையை நோக்கி அதை நீட்டினால், கோட்டையை எட்டுவதற்கு முன்பே, நாலரைக் கிலோமீட்டருக்குள், அது பூமி முழுவதன் எடைக்கு நிகராகிவிடும். இழையின் கனத்தை ஓர் எண்ணாகச் சொல்வது ஆய்வாளர்களின் வழக்கம். மேற்சொன்ன இழைக்கு அந்த எண் பத்து லட்சத்தில் ஒன்று, அதாவது 10⁻⁶. கட்டுரையின் இறுதிவரை இந்த எண் நமக்குத் தேவைப்படும். இதை இழையின் கன எண் என்று அழைப்போம்.

இவ்வளவு கனமான பொருள் அருகிலுள்ள எதையும் இழுத்து விழுங்கிவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில், நேராக நீண்டு அசையாமல் நிற்கும் அண்ட இழை தன் அருகிலுள்ள பொருளைச் சிறிதும் இழுப்பதில்லை. இழையை விறைப்பாக வைத்திருக்கும் இழுவிசை அதன் எடைக்குச் சரிநிகராக இருப்பதால், ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளில் இரண்டின் விளைவும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. ஆனால் வெளியின் வடிவத்தை இழை மாற்றிவிடுகிறது. கடலைக்காரர் பொட்டலம் மடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தாளின் நடுவிலிருந்து ஒரு கீற்றை வெட்டியெடுத்து இரு விளிம்புகளையும் ஒட்டினால் தாள் கூம்பாகிறது. இழையைச் சுற்றியுள்ள வெளியும் அப்படி ஒரு கீற்றை இழந்த கூம்பு. அதற்குப் பின்னால் ஒரு விண்மீன் மண்டலம் இருந்தால், அதன் ஒளி இழையின் இரு பக்கமும் வந்து, அருகருகே ஒரே மாதிரியான இரண்டு உருவங்களைக் காட்டும். 2003-இல் இத்தாலிய, ரஷ்ய ஆய்வாளர்கள் இப்படி ஓர் இரட்டையைக் கண்டு பெரும் ஆவல் எழுப்பினார்கள். 2006-இல் ஹபிள் தொலைநோக்கி உற்றுப் பார்த்தபோது அவை உண்மையிலேயே இரண்டு வெவ்வேறு மண்டலங்கள் என்று தெரிந்தது.

1980-களில் அண்ட இழைகளுக்கு இதைவிடப் பெரிய பொறுப்பொன்று தரப்பட்டிருந்தது. விண்மீன் மண்டலங்கள் திரள்வதற்கான விதை அவையே என்று யாகோவ் செல்டோவிச்சும் அலெக்சாண்டர் விலென்கினும் முன்மொழிந்தனர். பிரபஞ்சத்தின் பழைய ஒளியான நுண்ணலைப் பின்புலத்தை நுட்பமாக அளந்தபோது அந்தக் கருத்து நிலைக்கவில்லை. பிளாங்க் விண்கலத்தின் அளவீடுகளோ கன எண் 10⁻⁷ அளவுக்கு மேல் இருக்க இயலாது என்று காட்டின. அதனால் இழைகள் இல்லை என்றாகிவிடாது. இருந்தால் முதற்கணக்கைவிட மெலிந்தவை என்பதே பொருள். அவற்றைத் தேட வேறு வழி வேண்டும். அந்த வழிதான் ஈர்ப்பு அலை.

அதற்கு முன், இழைகள் இந்த 1,380 கோடி ஆண்டுகளில் என்ன செய்துகொண்டிருக்கும் என்று பார்க்க வேண்டும். அவை சும்மா கிடப்பதில்லை. இழுத்துக் கட்டிய கம்பியைவிட விறைப்பாக, ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் அலைந்துகொண்டே இருக்கும். இரண்டு இழைகள் குறுக்கிட்டால், குடியாத்தத்துத் தறியில் அறுந்த இரண்டு நூல்களின் நுனி மாற்றி முறுக்கிவிட்டதைப் போல, இதன் தலை அதன் வாலோடும் அதன் தலை இதன் வாலோடும் சேர்ந்துகொள்ளும். ஒரே இழை வளைந்து தன்னையே வெட்டிக்கொண்டால், வெட்டுப்பட்ட பகுதி வளையமாகக் கழன்று போகும். நீண்ட இழையைச் சுழி அழியாதென்ற அதே விதி காக்கிறது. கழன்ற வளையத்திற்கு அந்தக் காப்பு இல்லை. தூரத்திலிருந்து அதைச் சுற்றி வட்டம் போட்டால் சாய்வின் சுற்று பூச்சியம் என்றே வரும். ஆகவே வளையம் சுருங்கிச் சுருங்கி இறுதியில் இல்லாமலே போகலாம். பிரபஞ்சம் இழைச் சுமையைக் குறைத்துக்கொள்வது இந்த ஒரு வழியில்தான்: நீண்ட இழைகள் வளையங்களாக உதிர்கின்றன, வளையங்கள் கரைகின்றன. வளையங்கள் உதிராமல் இருந்திருந்தால் இழைகளின் எடையே பிரபஞ்சத்தில் மற்ற எல்லாவற்றையும் மிஞ்சியிருக்கும்.

வளையம் கரையும்போது அதன் ஆற்றல் எங்கே போகிறது என்ற கேள்விக்கு விடை ஈர்ப்பு அலை. கனமான பொருள் வேகமாக ஆடினால் அதைச் சுற்றியுள்ள வெளியே நீண்டும் சுருங்கியும் அதிரும். அந்த அதிர்வு ஒளியின் வேகத்தில் பரவும். வளையம் தன் நீளத்தை ஒளி கடக்க எடுக்கும் நேரத்தில் பாதியில் ஓர் ஆட்டத்தை முடிக்கிறது. ஓர் ஒளியாண்டு நீளமுள்ள வளையத்துக்கு ஓர் ஆட்டம் ஆறு மாதம். கன எண் 10⁻¹⁰ என்று வைத்துக்கொண்டால், அந்த வளையம் முழுவதும் அலைகளாகக் கரைய ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகள் ஆகும். 10⁻⁶ என்றால் 20,000 ஆண்டுகளே போதும். கனத்த இழை சீக்கிரம் கரையும், மெலிந்தது மெதுவாகக் கரையும்.

வளையத்தின் ஆட்டத்தில் இன்னொரு நிகழ்ச்சி உண்டு. வண்டிக்காரர் சாட்டையைச் சொடுக்கும்போது கேட்கும் சத்தம் தோல் மாட்டின் மேல் படுவதால் எழுவதன்று. கையின் அசைவு கயிற்றில் ஓடி நுனியை எட்டும்போது நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடுவதால் எழுவது. அண்ட இழை வளையத்திலும் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஏதேனும் ஒரு புள்ளி ஒரு கணம் கூர்மையாக மடிந்து ஒளியின் வேகத்தையே எட்டும். அப்போது ஈர்ப்பு அலை ஒரு கீற்றாக, ஒரே திசையில் வீசியடிக்கப்படும். இந்தச் சொடுக்குகளைப் பூமியிலிருந்தே பிடிக்கலாம் என்று தீபோ தமூரும் விலென்கினும் 2000-இல் கணக்கிட்டுக் காட்டினர். ஈர்ப்பு அலைகளைப் பிடிக்க அமைத்த லைகோ முதலிய நிலையங்கள் இதுவரை தேடியும் ஒன்றும் அகப்படவில்லை.

ஈர்ப்பு அலைக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்று கேட்பவர்களுக்கு, ஜவ்வாது மலையில் எனக்குக் கிடைத்த ஒரு கேள்வியைச் சொல்லலாம். பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் அமைந்து இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கும் காவலூர் வானாய்வகத்திற்கு ஒரு சனிக்கிழமை மாலை மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தேன். அங்கேயுள்ள 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் இயங்கி வருகிறது. அதன் வெள்ளைக் கூரையை அண்ணாந்து பார்த்த ஒரு மாணவி, “சார், இன்னும் பெருசா ஒண்ணு கட்டுனா உலகம் பொறந்த நாள் வரைக்கும் தெரியுமா?” என்று கேட்டாள். தெரியாது என்பதே விடை. பிரபஞ்சம் பிறந்து 3,80,000 ஆண்டுகள் வரை அது மூட்டமாக இருந்தது. எலக்ட்ரான்கள் கட்டின்றித் திரிந்ததால் ஒளி நேர்வழியில் போக இயலாமல் மீண்டும் மீண்டும் முட்டித் திரும்பியது. எவ்வளவு பெரிய தொலைநோக்கியைக் கட்டினாலும் அந்த மூட்டத்தின் இப்பக்கம்தான் தெரியும். ஈர்ப்பு அலையைத் தடுக்கும் மூட்டமே கிடையாது. பொருளோடு அது கொள்ளும் உறவு அவ்வளவு மெல்லியது என்பதால், முதல் வினாடிக்குள் புறப்பட்ட அலையும் இன்று வரை கலையாமல் வந்துசேரும். அதைப் பிடிப்பது இவ்வளவு கடினமாக இருப்பதற்கும் அதே மென்மைதான் காரணம்.

2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவிலுள்ள லைகோ கருவிகள் முதன்முதலில் ஈர்ப்பு அலையைப் பதிவு செய்தபோது, நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள அவற்றின் கைகள் புரோட்டானின் அகலத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கே அசைந்தன. அந்த அலை இரண்டு கருந்துளைகள் மோதியதால் எழுந்தது. செய்தி 2016 பிப்ரவரியில் வெளியானது. அதைக் கேட்கக் கிப்பிள் இருந்தார், அதே ஆண்டு ஜூனில் மறைந்தார். மராட்டியத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் இதே வகைக் கருவியை அமைக்க மத்திய அரசு 2023-இல் ஒப்புதல் அளித்திருக்கிறது.

அண்ட இழைகளைத் தேடுவோர் இன்று மிகவும் கூர்ந்து பார்ப்பது பல்சார்களை. பல்சார் என்பது வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன், அதாவது வெடித்துத் தீர்ந்த பெரிய விண்மீனின் மிக அடர்ந்த எச்சம். அதன் ரேடியோத் துடிப்பு கடிகாரம் தோற்கும் ஒழுங்கில் வந்துகொண்டே இருக்கும். நமக்கும் அதற்கும் இடையே ஈர்ப்பு அலை கடந்தால் துடிப்பு ஒரு வினாடியின் கோடியில் ஒரு பங்கு அளவுக்கு முந்தும் அல்லது பிந்தும். அலை ஒருமுறை ஏறி இறங்கவே பல ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், இந்த ஆய்வில் பொறுமைதான் முதற்கருவி. 2023 ஜூன் இறுதியில் அமெரிக்க, ஐரோப்பிய, ஆஸ்திரேலிய, சீனக் குழுக்கள் ஒரே சமயத்தில் முடிவுகளை வெளியிட்டன. ஐரோப்பியக் குழுவோடு சேர்ந்து உழைத்த இந்தியக் குழு, புனேக்கு வடக்கே நாராயண்கானில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்களாக நிற்கும் ரேடியோத் தொலைநோக்கியைப் பயன்படுத்தியது. எல்லாத் திசைகளிலிருந்தும் மெல்லிய ரீங்காரமாக ஈர்ப்பு அலைகள் வந்துகொண்டிருப்பதற்கான சான்று அவற்றில் இருந்தது. அமெரிக்கக் குழு மட்டுமே 67 பல்சார்களை 15 ஆண்டுகள் கவனித்திருந்தது.

இந்த ரீங்காரத்திற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது, மண்டலங்களின் மையத்தில் ஒன்றையொன்று சுற்றும் மாபெரும் கருந்துளை இணைகளை. எனினும் அமெரிக்கக் குழு அண்ட இழைகளையும் பொருத்திப் பார்த்தது. கிப்பிள் சொன்ன வகையைச் சேர்ந்த, அழியாமல் நிலைத்து நிற்கும் எளிய இழைகள் சரியாகப் பொருந்தவில்லை; அவை தரும் ரீங்காரத்தின் ஏற்றம் பதிவானதைவிடத் தட்டையானது. காலப்போக்கில் துண்டுபடும் இழைகளும், இழைக் கோட்பாட்டிலிருந்து பிறக்கும், குறுக்கிட்டாலும் எப்போதோ ஒருமுறைதான் நுனி மாற்றிக்கொள்ளும் இழைகளும் பொருந்தின. பொருந்துவது வேறு, அதுவே காரணம் என்று நிறுவுவது வேறு என்பதை மாணவர்கள் இந்த இடத்தில் அழுத்தமாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். இந்த அளவீடுகளால் உறுதியாகக் கிடைத்தது, எளிய இழைகளின் கன எண் ஏறத்தாழ 10⁻¹⁰-க்கு மேல் போக முடியாது என்ற எல்லை. அந்த எல்லையிலுள்ள மெலிந்த இழையும் மீட்டருக்குக் கோடி கோடி டன்னுக்கு மேல் கனக்கும்.

கருந்துளைகளின் ரீங்காரத்தையும் இழைகளின் ரீங்காரத்தையும் பிரித்தறிய நம்பகமான வழி அதிர்வெண்தான். மாபெரும் கருந்துளை இணைகள் ஆண்டுக்கணக்கில் நீளும் அலைகளில்தான் வலுவாக ஒலிக்கும். வேகமான அலைகளுக்குப் போகப் போக அவற்றின் பங்கு நின்றுவிடும். அண்ட இழைகளோ ஒவ்வொரு காலத்திலும் அக்காலத்துப் பிரபஞ்சத்தின் அளவுக்கேற்ற வளையங்களை உதிர்த்து வந்திருக்கின்றன. பிரபஞ்சம் சிறியதாக இருந்தபோது சிறு வளையங்கள், அவற்றிலிருந்து வேகமான அலைகள். பின்னர் பெரிய வளையங்கள், மெதுவான அலைகள். ஒவ்வொரு தலைமுறை வளையங்களும் ஏறத்தாழ ஒரே பங்கு ஆற்றலை விட்டுச் செல்வதால், மெதுவான அலைமுதல் வேகமான அலைவரை ரீங்காரம் ஒரே உயரத்தில் மேட்டுநிலம் போல நீளும். ஆம்பூரைக் கடந்து ஏலகிரி மேல் ஏறியதும் தரை சமமாவதைப் பார்த்தவர்களுக்கு அந்த வரைபடத்தின் வடிவம் உடனே பிடிபடும்.

அந்த மேட்டுநிலத்தின் நடுப்பகுதியை அளக்க ஐரோப்பிய விண்வெளி முகமை 2024 ஜனவரியில் லிசா திட்டத்துக்கு இசைவளித்தது. 25 லட்சம் கிலோமீட்டர் இடைவெளியில் முக்கோணமாகப் பறக்கும் மூன்று விண்கலங்கள், 2035-இல் ஏவப்படவிருக்கின்றன. அவற்றால் கன எண் 10⁻¹⁷ வரை இறங்கித் தேட முடியும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. பல்சார்கள் ஒரு முனையில், லிசா நடுவில், லைகோ மறுமுனையில் என மூன்றும் தத்தம் எல்லைக்குள் ஒரே இழையின் ரீங்காரத்தைக் கேட்டால், மேட்டுநிலத்தின் உயரத்திலிருந்து இழையின் கனம் கிடைக்கும். கனத்திலிருந்து, ஜெனிவாவின் மாபெரும் துகள் மோதுகலன் எட்டுவதைப்போல் பல லட்சம் மடங்கு ஆற்றலில் பிரபஞ்சம் கொதித்துக்கொண்டிருந்தபோது எந்த வெப்பநிலையில் அந்தச் சுழி விழுந்தது என்பதைக் கணக்கிட்டுவிடலாம்.